சந்தூர் மாங்கன்று: ‘அப்பவே நினைச்சேன்’ வராமல் வாங்க

கிருஷ்ணகிரி மாவட்டத்து சந்தூர் நர்சரிகளில் ஒட்டு மாங்கன்றுக்குப் பஞ்சமே இல்லை. கன்றும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. சிக்கல் காய்ப்புக்கு வந்த பிறகுதான். பெங்களூரா ரகம் வைத்தவர் அல்போன்சா ரகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அல்போன்சாக்காரர் பெங்களூராவைப் பார்த்து.

முதலில் கன்று. ஒட்டுப் போட்ட இடம் இடைவெளி இல்லாமல் கூடியிருக்க வேண்டும். அதற்குக் கீழே துளிர் இருந்தால் அது நாட்டு மா. கிள்ளாமல் விட்டால் ஒட்டை அமுக்கிவிடும். கட்டிய பிளாஸ்டிக் நாடா பட்டையில் பதிந்திருந்தால் வாங்காதீர்கள், பிற்பாடு அங்கேதான் ஒடியும். பைக்குப் பொருந்தாத அளவு உயர்ந்து நிற்கும் பழைய கன்றில் வேர் சுருண்டிருக்கும், மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஒரு மீட்டர் குழியில் நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே நிற்கட்டும். 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்றால் ஏக்கருக்கு 40 கன்று போதும். முதல் மூன்று வருஷம் பூவைக் கிள்ளிவிடுங்கள்.

இந்த நர்சரிகளுக்கு மதிப்பெண் குறைப்பது ஒன்றுக்குத்தான்: ரகத்தின் பெயரைப் பல இடங்களில் வாய்வார்த்தையாகவே சொல்கிறார்கள். இளங்கன்றைப் பார்த்து ரகம் பிரிப்பது கஷ்டம். காய் வந்தால்தான் குட்டு உடையும். ரகப் பெயரோடு பில் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பில்லின் பின்னாலேயே நாலு வரி எழுதி வையுங்கள்: ஏன் இந்த ரகம், எதை ஒதுக்கினீர்கள், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, அன்றைக்கு மாம்பழக் கூழ் ஆலை தரும் விலை என்ன. நினைவை நம்ப வேண்டாம். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போகும் முன்பு என்னென்ன நடக்கும் என்று சிலரைக் கணிக்கச் சொல்லி, பயணம் முடிந்த பிறகு அந்தக் கணிப்பை நினைவுபடுத்தச் சொன்னார்கள் பெய்த், ஃபிஷ்ஹாஃப் என்ற ஆய்வாளர்கள். நடந்தவற்றை, தாங்கள் உண்மையில் கணித்ததைவிடக் கூடுதலாக எதிர்பார்த்ததாகவே பலரும் சொன்னார்கள். ‘அப்பவே நினைச்சேன்’ என்பது இதுதான். மாந்தோப்புக்காரர் மட்டும் விதிவிலக்கா என்ன?

பெங்களூரா அநேகமாக வருஷா வருஷம் காய்க்கும், கூழுக்குப் போகும். அல்போன்சாவுக்கு விலை உண்டு. ஆனால் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் நன்றாகக் காய்க்கும், வெளியே பளபளக்கும் பழம் உள்ளே பஞ்சாக இருப்பதும் உண்டு. இதெல்லாம் யோசித்து வைத்தது என்று அந்தப் பில் சீட்டில் எழுதியிருந்தும் பிறகு விலை படுத்தால், அது சந்தையின் கோளாறு. சீட்டில் ‘பக்கத்துத் தோட்டத்தில் வச்சாங்க’ என்று மட்டும் இருந்தால் உங்கள் முடிவின் மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். அப்போதும் மரத்தைப் பிடுங்க வேண்டாம். கிளைகளை வெட்டிவிட்டு, வரும் புதுத் துளிரில் வேறு ரகக் குச்சியை ஒட்டலாம். அதற்குத் தோட்டத்துக்கே ஆள் வருவார்களா என்று கன்று வாங்கும் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.