பிஜிஅட்மினில் மெட்டீரியலைஸ்டு வியூ: ஒரு கன்டெய்னர் யார்டில் சில வருடங்கள் ஓட்டிய அனுபவம்

திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவில் இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டின் டேட்டாபேஸை நான் பார்த்துக்கொள்கிறேன். துறைமுகத்திலிருந்து இறக்குமதிப் பெட்டிகள் டிரெய்லரில் வரும், கஸ்டம்ஸ் வேலை முடியும்வரை யார்டில் நிற்கும், அப்புறம் வெளியே போகும். எந்தப் பெட்டி எந்த வரிசையில் நிற்கிறது, உள்ளே வந்து எத்தனை நாள் ஆகிறது, இலவச நாட்களைத் தாண்டியது எது என்ற ஒரே பட்டியலைத்தான் கேட்டில் இருப்பவரும் பில்லிங்கில் இருப்பவரும் நாள் முழுக்கக் கேட்பார்கள்.

அந்தப் பட்டியல் ஏழெட்டு டேபிள்களைச் சேர்த்து வருவது. சாதாரண வியூவாக, அதாவது பெயர் வைத்துச் சேமித்த க்வெரியாக (தரவைக் கேட்கும் கட்டளை) இருந்தவரை, யார் திறந்தாலும் முழுக் கணக்கும் முதலிலிருந்து ஓடும். மெட்டீரியலைஸ்டு வியூ அப்படி இல்லை. விடையை ஒருமுறை கணக்கிட்டு டேபிள் போலவே டிஸ்க்கில் எழுதி வைத்துவிடும். வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸும் அதற்குப் போடலாம். நாங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸில் 2013-இல் வந்த 9.3 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. எங்கள் யார்டில் அதை மாற்றியதும் காலை நேர நெரிசல் தீர்ந்தது. அதை உருவாக்கவும் பராமரிக்கவும் போஸ்ட்கிரெஸை மவுஸால் கையாள உதவும் பிஜிஅட்மின் 4 எந்த அளவுக்கு உதவுகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

உருவாக்குவது சுலபம். இடதுபக்கம் மரம்போல் விரியும் பட்டியலில் ஸ்கீமாவை (டேபிள்களை அடக்கிய தொகுப்பு) திறந்து, மெட்டீரியலைஸ்டு வியூஸ் மேல் ரைட் கிளிக் செய்து கிரியேட் கொடுத்தால் விவரங்களை நிரப்பும் பெட்டி திரையில் திறக்கும். பெயர், உரிமையாளர், க்வெரி, சேமிப்பு, அனுமதிகள் என்று தனித்தனி டேப்கள். எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் இருக்கும் எஸ்க்யூஎல் டேப். நாம் நிரப்பியதையெல்லாம் டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளையாக அங்கேயே காட்டிவிடும். சேவ் அழுத்துவதற்கு முன் அதைக் காப்பி செய்து ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவதும் இந்த டேப்பைத்தான். பெட்டியை நிரப்பியபடியே கட்டளையையும் கற்றுக்கொள்கிறார்கள்.

'வித் டேட்டா' என்ற சுவிட்சை மட்டும் கவனியுங்கள். அதை அணைத்துவிட்டுச் சேமித்தால் வியூ உருவாகும், ஆனால் உள்ளே தரவு இருக்காது. அதைத் திறக்கப் போனால் இன்னும் நிரப்பப்படவில்லை என்று போஸ்ட்கிரெஸ் பிழை காட்டும். பெரிய வியூவைப் பகலில் உருவாக்கி வைத்து இரவில் நிரப்ப இது நல்ல வழி.

உண்மையான வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. மூல டேபிள் மாறினால் வியூ தானாக மாறாது. ஆரக்கிள் என்ற இன்னொரு டேட்டாபேஸில், மாற்றம் உறுதியாகிப் பதிவாகும்போதே (கமிட்) புதுப்பிக்கும் வகை உண்டு. போஸ்ட்கிரெஸில் நாம்தான் புதுப்பிக்க வேண்டும். பிஜிஅட்மினில் வியூ மேல் ரைட் கிளிக் செய்தால் 'ரிஃப்ரெஷ்' என்று ஒன்று இருக்கும், 'ரிஃப்ரெஷ் வியூ' என்று இன்னொன்று இருக்கும். முதலாவது மரத்தில் தெரியும் விவரத்தை மட்டும் திரும்ப வாசிக்கும். தரவைப் புதுப்பிப்பது இரண்டாவது. இத்தனை முக்கியமான இரண்டு வேலைகளுக்கு இவ்வளவு ஒத்த பெயர் வைத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

'ரிஃப்ரெஷ் வியூ'வுக்குள் 'வித் டேட்டா' கொடுத்தால், அது முடியும்வரை அந்த வியூவை யாரும் வாசிக்க முடியாது. போஸ்ட்கிரெஸ் முழுப் பூட்டு போட்டுவிடும். கேட்டில் டிரெய்லர் வரிசை எண்ணூர் சாலை வரை நிற்கும் நேரத்தில் இது ஆகாத காரியம். அதற்குத்தான் போஸ்ட்கிரெஸ் 9.4-இல் வந்த 'கன்கரன்ட்லி'. பழைய விடையை எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் புதிய விடையைக் கணக்கிட்டு, மாறிய வரிகளை மட்டும் மாற்றும். ஆனால் வியூவில் ஒரு யூனிக் இண்டெக்ஸாவது (ஒரே மதிப்பு இரண்டு வரிகளில் வர விடாத இண்டெக்ஸ்) இருக்க வேண்டும், அதுவும் நிபந்தனை எதுவும் இல்லாமல் எல்லா வரிகளுக்கும் சேர்த்து. மரத்தில் வியூவுக்குக் கீழேயே இண்டெக்ஸ் பகுதி இருப்பதால் அதையும் மவுஸிலேயே போட்டுவிடலாம். கன்டெய்னர் பெட்டியின் எண் மட்டும் போதாது. அதே பெட்டி சில மாதம் கழித்துத் திரும்ப வரும். நாங்கள் பெட்டி எண்ணையும் கேட்டுக்குள் வந்த நேரத்தையும் சேர்த்துப் போட்டிருக்கிறோம்.

யார்டு சூப்பர்வைசர் அண்ணன் ஒருநாள் கேட்டார்: "ஏம்மா, இந்த லிஸ்ட்டு இப்ப எடுத்ததா, காலையில எடுத்ததா?" மிகச் சரியான கேள்வி. பட்டியலைப் பார்ப்பவருக்கு அது எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று தெரிய வேண்டும். உடனே தோன்றும் வழி, க்வெரியிலேயே இப்போதைய நேரத்தை ஒரு நெடுவரிசையாகச் சேர்ப்பது. அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு தடவையும் எல்லா வரியிலும் நேரம் மாறும், அதனால் எல்லா வரியும் மாறியதாகவே கணக்காகும். கன்கரன்ட்லியின் பயனே போய்விடும். புதுப்பித்த நேரத்தை எழுத ஒரே வரி கொண்ட தனி டேபிள் போதும்.

நாள் கணக்கும் அப்படித்தான். இன்றைய தேதியிலிருந்து உள்ளே வந்த தேதியைக் கழிக்கும் கணக்கை மெட்டீரியலைஸ்டு வியூவுக்குள் வைத்தால், கடைசியாகப் புதுப்பித்தபோது இருந்த விடை அப்படியே உறைந்து நிற்கும். அதோடு சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடினால் அதற்குத் தேதி மாறுவது நம் ஊர் காலை 5.30 மணிக்கு. நைட் ஷிஃப்டில் நள்ளிரவுக்குப் பிறகு போடும் பில்லில் ஒரு நாள் குறையும். இது வாடகை சம்பந்தப்பட்ட பணம், விளையாட்டு இல்லை. உள்ளே வந்த நேரத்தை மட்டும் மெட்டீரியலைஸ்டு வியூவில் வைத்து, நாள் கணக்கை அதன்மேல் ஒரு சாதாரண வியூவில் இந்திய நேரப்படி செய்வதுதான் சரி.

பிஜிஅட்மினில் எனக்குப் பிடிக்காத இடம், க்வெரியைத் திருத்துவது. மெட்டீரியலைஸ்டு வியூவின் க்வெரியை இருக்கும் இடத்திலேயே மாற்றும் கட்டளை போஸ்ட்கிரெஸில் கிடையாது. அழித்துத்தான் திரும்ப உருவாக்க வேண்டும். பிஜிஅட்மினின் திருத்தப் பெட்டியும் அதையேதான் பின்னால் செய்கிறது. பார்க்க ஏதோ ஒரு சொல்லைத் திருத்துவது போல இருக்கும், ஆனால் வியூ போகும்போது இண்டெக்ஸும் கூடவே போகும். யூனிக் இண்டெக்ஸ் போனால் அடுத்த கன்கரன்ட்லி ஓடாது. மேலே இன்னொரு வியூ தொங்கிக்கொண்டிருந்தால் அழிக்கவே விடாது. அதனால் திருத்தும் வேலைக்கு நான் பெட்டியைத் தொடுவதில்லை. சேமித்து வைத்த கோப்பை க்வெரி டூலில் திறந்து, அழிப்பது, உருவாக்குவது, இண்டெக்ஸ், அனுமதி எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் ஓட்டுகிறேன். நடுவில் ஏதாவது தவறினால் பழைய வியூ அப்படியே இருக்கும்.

தானாகப் புதுப்பிக்க பிஜிஅட்மின் மட்டும் போதாது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் பிஜிஏஜென்ட்டைத் தனியாக நிறுவினால் மரத்திலேயே அதன் வேலைகள் தெரியும், கால அட்டவணையும் அங்கேயே போடலாம். நாங்கள் பயன்படுத்துவது அதே வேலையைச் செய்யும் பிஜிகிரான். ஒரே வரியில் கால் மணிக்கு ஒருமுறை என்று சொல்லிவிடலாம். ஒரே வியூவை ஒரு நேரத்தில் ஒருவர்தான் புதுப்பிக்க முடியும், அதனால் இடைவெளியை ரொம்பக் குறைக்க வேண்டாம். அடுத்தது முந்தையதற்காகக் காத்துக்கிடக்கும்.

முன்பெல்லாம் வியூவின் உரிமையாளரோ எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசரோதான் புதுப்பிக்க முடியும் என்பதால், அவசரம் என்றால் ராத்திரியில் எனக்குத்தான் போன் வரும். 2024-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17-ஆம் பதிப்பில் 'மெயின்டெயின்' என்ற தனி அனுமதி வந்துவிட்டது. நாங்களும் அந்தப் பதிப்புக்கு மாறியபின் நைட் ஷிஃப்ட் ஆபரேட்டருக்கு அந்த ஒரு வியூவுக்கு மட்டும் அதைக் கொடுத்திருக்கிறேன். வேண்டும்போது அவரே புதுப்பித்துக்கொள்கிறார்.