பெரிய எழுத்து வேதாகமம், குறிப்புரையுடன்: எஸ்றாவுக்கு மூன்றே வரி

குறிப்புரையோடு வரும் எந்த வேதாகமத்தை வாங்கினாலும் நான் முதலில் புரட்டுவது பழைய ஏற்பாட்டின் எஸ்றா புத்தகத்தில் 9, 10 அதிகாரங்களைத்தான். எங்கள் வெள்ளிக்கிழமை வேதபாடத்துக்கு வரும் பெண்களில் இருவர் வேற்று மதத்தில் மணம் முடித்தவர்கள். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்கள் மறுஜாதியான மனைவிகளைத் தள்ளிவிட்ட அந்தப் பகுதியை அவர்கள் எதிரில் உட்கார்ந்து வாசித்து விளக்க வேண்டியவள் நான்.

1,450 ரூபாய்க்கு வாங்கிய இந்தப் பதிப்பின் தாளிலோ தையலிலோ குறையில்லை. எழுத்தைக் கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறது. கி.மு. 538இல் யூதர்கள் ஊர் திரும்பலாம் என்ற பாரசீக ராஜா கோரேசின் ஆணை, 515இல் எருசலேம் ஆலயம் கட்டி முடிந்தது, 458இல் வேதபாரகன் எஸ்றாவின் வருகை, 445இல் ஆளுநர் நெகேமியாவின் வருகை என்று காலவரிசையும் தெளிவு.

ஆனால் எஸ்றா பத்தாம் அதிகாரத்துக்கு மூன்றே வரிதான். அவிசுவாசியை மணக்காதே என்று எச்சரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒன்பதாம் மாதம் இருபதாம் தேதி, அடைமழையில் தேவாலய வீதியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜனங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. மனைவிகளையும் பிள்ளைகளையும் அனுப்பிவிடலாம் என்று முதலில் சொன்ன செக்கனியா, ஏலாம் வம்சத்து யெகியேலின் மகன். 26ஆம் வசனத்தில், மறுஜாதியில் பெண் எடுத்த ஏலாம் வம்சத்தாரிடையே ஒரு யெகியேல் வருகிறார். இருவரும் ஒருவரேதானா என்பது முடிவாகாத விஷயம். ஒருவரே என்றால், செக்கனியா தன் தகப்பன் வீட்டையே உடைக்கச் சொல்கிறான்! குறிப்புரை எழுதுகிறவர் இதையல்லவா காட்ட வேண்டும்? நூறுக்கும் மேற்பட்ட ஆண்களின் பெயர்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பெண்களில் ஒருத்திக்குக்கூடப் பெயர் இல்லை. அவர்களில் சிலர் பிள்ளை பெற்றவர்கள் என்று கடைசி வசனம் சொல்கிறது. அந்தப் பிள்ளைகளை நினைக்காமல் அந்தப் பக்கத்தை என்னால் தாண்ட முடிந்ததே இல்லை.

யாரோடு சம்பந்தம் கலந்ததாக எஸ்றா 9 குற்றம் சொல்கிறதோ, அந்த 'தேசத்தின் ஜனங்கள்' யார் என்றும் விளக்கமில்லை. சிறையிருப்புக்குப் போகாமல் யூதேயாவிலேயே தங்கிவிட்டவர்களின் சந்ததியும் அதில் அடங்கும் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அசுத்தத்தை விட்டு வந்து சேர்ந்தவர்களும் பஸ்காவைப் புசித்ததாக எஸ்றா 6:21 சொல்கிறது. அந்த வசனத்தைப் பார்க்கச் சொல்லும் ஒத்துவாக்கியக் குறிப்பை இங்கே கொடுக்கவில்லை. மோவாபியப் பெண்ணான ரூத் தாவீதின் முப்பாட்டி என்பதையாவது ஓரத்தில் குறித்திருக்கலாம். அதே நூற்றாண்டில் எகிப்தின் எலிபன்டைன் தீவில், யாகோ (இஸ்ரவேலின் தேவனுக்கு அங்கே வழங்கிய பெயர்) ஆலயத்தில் ஊழியம் செய்த அனனியா என்ற யூதர் தாமெத் என்ற எகிப்திய அடிமைப் பெண்ணை மணந்திருக்கிறார். கி.மு. 449ஆம் ஆண்டுத் திருமணப் பத்திரம் இன்னும் இருக்கிறது.

நெகேமியா 13க்கான குறிப்புகள் எவ்வளவோ மேல். பெலிஸ்தரின் பட்டணமான அஸ்தோத்தின் பாஷை பேசிய பிள்ளைகள், பிரதான ஆசாரியன் குடும்பத்தில் நெகேமியாவின் எதிரியான சன்பல்லாத்துக்கு மருமகனாகிப் போனவன் என்று மொழியும் அரசியலும் இந்தத் திருமணங்களில் எப்படிப் பின்னிக்கிடந்தன என்பதைப் பொறுமையாக எழுதியிருக்கிறார்கள்.

வீட்டில் வாசிக்கத் தாராளமாக வாங்கலாம். வேதபாடம் நடத்துகிறவர்களுக்கு இது மட்டும் போதாது. அடுத்த பதிப்பில் எஸ்றா பத்துக்கு அரைப் பக்கமாவது ஒதுக்கும்படி பதிப்பகத்தாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.