பி.சி.எல்-5 வினாத்தாள்: ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு எந்த அளவு பொருந்தும்?

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் தேசிய பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) மையம் தரும் பி.சி.எல்-5, அந்தப் பாதிப்பின் அறிகுறிகளை அளக்கும் வினாத்தாள்; அது இலவசம். 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. கடந்த ஒரு மாதத்தை மனத்தில் வைத்துப் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். 31-33ஐத் தொட்டால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்கு அருமையான கருவி. ஆனால் ஆட்டிசம் உள்ளவருக்கு அந்த மொத்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஆபத்து.

13ஆவது கேள்வி மற்றவர்களிடமிருந்து விலகியிருப்பதைக் கேட்கிறது. 17 எப்போதும் உஷாராக இருப்பதை, 18 திடுக்கிடுவதை, 19 கவனச் சிதறலை, 20 தூக்கமின்மையை. மிக்ஸி சத்தத்துக்குச் சின்ன வயதிலிருந்தே துள்ளி எழுபவர் 18க்கு 3 போடுவார், அது உண்மையும்கூட. இந்த ஐந்துக்கும் 3 போட்டாலே 15. எந்த அதிர்ச்சியும் நடக்காமலே பாதித் தூரம் வந்தாயிற்று.

எதிர்ப்பக்கமும் தவறும். தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல முடியாதவர் பயம், குற்றவுணர்வு பற்றிக் கேட்கும் 11க்கு 0 போட்டுவிடுவார். "மறுபடி நடப்பதுபோல் உணர்ந்தீர்களா" என்ற 3ஆவது கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு, "நடக்கவில்லையே" என்று 0 எழுதுபவரும் உண்டு. "வயிற்றைப் பிசைகிறதா, கை நடுங்குகிறதா, அப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று தனியே கேட்டால் பதில் வரும்.

தாளின் வாசகத்தை மாற்ற வேண்டாம். மாற்றினால் 31-33 என்ற எல்லை செல்லாது. பக்கத்தில் இன்னொரு தாள் வையுங்கள்: "அந்தச் சம்பவத்துக்கு முன் இது எப்படி இருந்தது?" உடன் வளர்ந்தவர் யாரையாவது, அவர் சம்மதித்தால், அதற்குப் பதில் சொல்லச் சொல்லலாம். நமக்கு முக்கியம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஆர்வம் குறைவதைப் பற்றிய 12ஆவது கேள்வியை இங்கே கூர்ந்து பாருங்கள். ரயில் அட்டவணையே உயிர் என்றிருந்தவர் அதைத் தொடாமல் இருந்தால் அது பெரிய எச்சரிக்கை.

பி.சி.எல்-5இன் மூன்று வடிவங்களில், எல்.இ.சி-5 என்ற அதிர்ச்சிச் சம்பவப் பட்டியல் இணைத்ததையே எடுங்கள். அதன் 17 வகைச் சம்பவங்களில் பள்ளியில் நடந்த கேலியும், பலவந்தமாகப் பிடித்து அடக்கப்பட்டதும் பெயரோடு இல்லை. கடைசி வரியான "வேறு ஏதாவது" என்பதில் அவற்றை எழுதலாம். மரணம், கடுங்காயம், பாலியல் வன்முறை இவற்றோடு சம்பந்தம் இல்லாவிட்டால் மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்-5 பி.டி.எஸ்.டி. என்று பெயர் தராது. அதற்காக அந்த வேதனைக்குச் சிகிச்சை மறுப்பது அநியாயம். பெயர் சூட்டும் வேலையை, பயிற்சி பெற்றவர் நேரில் கேட்டு நடத்தும் சி.ஏ.பி.எஸ்-5 நேர்காணலுக்கு விடுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் வரை ஆகும்.

ஆட்டிசம் உள்ளவர்களிடம் பி.சி.எல்-5 நன்றாக வேலை செய்வது சிகிச்சையின் போக்கைப் பார்க்கும்போதுதான். பிறவி இயல்பால் வரும் மதிப்பெண் முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்பதால், மொத்தம் கணிசமாகக் குறைந்தால் அதை நம்பலாம். கடந்த மாதத்தைக் கேட்கும் தாளையும் கடந்த வாரத்தைக் கேட்கும் தாளையும் மட்டும் கலக்காதீர்கள்.