அஞ்சு வருஷமா இந்தக் கவசம்: இரும்பு ஓகே, நாடாதான் உயிரை வாங்குது

போன வாரம் நண்பன் ஒருத்தன் கேட்டான், "டேய் உன்கிட்ட இருக்கற மாதிரியே ஒரு ஃபுல் செட் கவசம் செகண்ட் ஹேண்ட்ல பாதி விலைக்கு வருது, ஜவுஸ்டிங்குக்கு தாங்குமா, வாங்கிரவா?"ன்னு. ஜவுஸ்டிங்னா, ரெண்டு பேர் குதிரையில எதிரெதிரா பாஞ்சு வந்து லான்ஸ்ங்கற நீள ஈட்டியால முட்டிக்கிற அந்தக் கால ஐரோப்பிய விளையாட்டு. ரெண்டு வரி பதில் அடிக்கலாம்னு உக்காந்தேன், அது இவ்ளோ தூரம் வந்துருச்சு.

பேசிக் விஷயம் அவனுக்கும் தெரியும், 15ஆம் நூற்றாண்டு இத்தாலி ஸ்டைல், மைல்டு ஸ்டீல், என்னோடது மொத்தம் 27 கிலோ. நான் இருக்கறது இங்கிலாந்துல லீட்ஸ்ல, 1996ல இங்க திறந்த ராயல் ஆர்மரீஸ் மியூசியத்துல ஜவுஸ்ட் வேடிக்கை பாக்கப் போய்தான் இந்தப் பைத்தியமே பிடிச்சுது. இப்பவும் பெரிய ஆளெல்லாம் இல்ல, ஒரு சின்ன குரூப்போட கோடைக்காலத்துல ஊர் ஊரா ஷோவுக்குப் போய், உடையறதுக்குன்னே முனையில பால்சான்னு ஒரு லேசான கட்டை சொருகின லான்ஸை வச்சு முட்டிக்கிற கோஷ்டி.

இரும்பைப் பத்தி குறையே சொல்ல மாட்டேன். நடுவுல தடுப்பு, ரெண்டு குதிரையும் எதிரெதிரா இடது பக்கம் இடது பக்கமா உரசிப் போகும், அதனால வாங்கற அடி மொத்தமும் இடது தோள், இடது நெஞ்சுலதான். அந்தக் காலத்துலயே இடது தோள் தகடைப் பெருசா, கனமா அடிச்சதுக்கு அதான் காரணம். என் இடது தோள்ல அஞ்சு வருஷ ஒடுக்கு இருக்கு, வலது பக்கம் கடையில இருந்து எடுத்த மாதிரியே பளபளன்னு இருக்கு. ஹெல்மெட்ல கண்ணுக்கு விட்ட சந்து விரக்கடை கூட இல்ல, ஆரம்பத்துல நானும் புலம்பினேன். அப்புறம் 1559ல பாரிஸ்ல, மக கல்யாணக் கொண்டாட்டத்துலயே ஜவுஸ்ட் பண்ணின பிரான்ஸ் ராஜா ரெண்டாம் ஹென்றியோட கண்ணுல, உடைஞ்ச லான்ஸ் சில்லு முகமூடி வழியா ஏறி பத்து நாள் கிடந்து செத்தார்னு படிச்சதுல இருந்து அந்தச் சந்து இன்னும் சின்னதா இருந்தாலும் சரின்னு வாயை மூடிக்கிட்டேன்.

துரு ஒரு தொல்லைதான், வேர்வை பட்டா மறுநாளே செவக்கும். அம்மா போன்ல "தோசைக்கல்லுக்குத் தடவற மாதிரி எண்ணெய் தடவி வைடா"ன்னாங்க, தேங்காயெண்ணெய் தடவினேன், லீட்ஸ் குளிர்ல காரேஜ்ல வச்சது காலைல பாத்தா மொத்தமும் வெள்ளையா உறைஞ்சு கிடந்துச்சு. இப்ப மிஷின் ஆயில்தான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நாடா. பாவாடை நாடா மாதிரி ஒண்ணு, அதை நம்பித்தான் இந்த 27 கிலோவும் இருக்கு. கால் கவசம் தானா நிக்காது, உள்ள போடற பஞ்சு வச்ச சட்டை, டப்லெட்னு பேரு, அதுல இடுப்புகிட்ட ஓட்டை இருக்கும், அதுல நாடா கோர்த்து தொடைத் தகடைத் தொங்கவிடணும். கை, தோள் எல்லாமே அப்படித்தான். எல்லாரும் ஸ்டீல் எத்தனை மில்லின்னு கேக்கறாங்களே தவிர எந்தச் சட்டையில தொங்குதுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல, நானும் கேக்கல. கவசத்தோட சேத்து வந்த டப்லெட் இடுப்புல தொளதொளன்னு, ஓட்டைக்கு பித்தளை வளையம் அடிச்சது, நாடா சாதாரண பருத்தி. அஞ்சு வருஷத்துல எத்தனை அறுந்துச்சுன்னு கணக்கு விட்டுட்டேன்.

கடைசியா போன ஆகஸ்ட், மூணாவது ஓட்டம், குதிரை பாய்ச்சல் எடுத்தாச்சு, வலது தொடை நாடா பட்டுன்னு போச்சு, தகடு சரிஞ்சு முழங்கால்ல உக்காந்து ஒவ்வொரு எட்டுக்கும் டங்கு டங்குன்னு தகர டப்பா கட்டின மாதிரி அடிக்குது. குதிரை மிரண்டு தடுப்பை விட்டு ஒதுங்கிருச்சு, என் லான்ஸ் வானத்தைப் பாக்குது, கூட்டம் கைதட்டுது, ஷோவுல ஒரு ஐட்டம்னு நினைச்சிருக்காங்க. வந்த கோவத்துக்கு செஞ்சவங்களுக்கு நடுராத்திரி உக்காந்து அரைப் பக்கத்துக்கு மெயில் எழுதினேன். அனுப்பல. ஏன்னா நேர்ல வந்து அளவு குடுங்கன்னு அவங்க சொன்னாங்க, நான்தான் டிக்கெட் காசுக்குப் பாத்து டேப்பை வச்சு நானே அளந்து அனுப்பினேன். ஆனாலும் அந்த பித்தளை வளையத்துக்கு மன்னிப்பே கிடையாது, துணியை வெட்டி ஓட்டை போட்டு வளையம் அடிச்சா கனம் இழுக்க இழுக்க வளையம் துணியோட பிச்சுக்கிட்டுதான் வரும்.

வயித்தெரிச்சல் என்னன்னா இதெல்லாம் அந்தக் காலத்து ஆளுங்களுக்கு அப்பவே தெரியும். ஒருத்தனுக்குக் கவசம் எப்படி மாட்டணும்னு 15ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்ல ஒரு சின்னக் குறிப்பு இருக்கு, அதுல நாடாவை குறுக்கு வில்லுக்கு நாண் திரிக்கிற நல்ல நூல்ல செஞ்சு செருப்பு தைக்கிறவங்க மெழுகைத் தடவு, இழுபடாது, அறாதுன்னு தெளிவா எழுதி வச்சிருக்கான். முழங்கால் உரசாம மெல்லிசு கம்பளித் துணி சுத்துன்னு வேற. நான் பாலியஸ்டர் ஷூ லேஸ் வரைக்கும் ட்ரை பண்ணிட்டுதான் அங்க வந்து சேந்தேன்.

கால் கனத்தைப் பத்தி இன்னொண்ணு. இதே லீட்ஸ் யுனிவர்சிட்டில 2011ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, கவசம் மாட்டி ட்ரெட்மில்ல நடக்க விட்டாங்க, சும்மா நடக்கறதை விட ரெண்டு மடங்குக்கு மேல சக்தி செலவாகுதாம். அதே எடையை முதுகுல சுமந்தா இவ்ளோ ஆகாது, கால்ல கட்டின இரும்பை ஒவ்வொரு எட்டுக்கும் வீசித் தூக்கணுமே. அது தொளதொளன்னு தொங்கினா இன்னும் நரகம். போர்ச்சுகல் ராஜா துவார்த்தே ஜவுஸ்டிங் பத்தி எழுதினப்ப, இடிக்கிற நேரத்துல சில பேரு கண்ணை மூடிடறாங்கன்னு சொல்றாரு, நான் கண்ணை மூடல ஆனா என் நினைப்பு பூரா தொடையில இருந்துச்சு, ரெண்டும் ஒண்ணுதான்.

இப்ப ரிப்பேர் கதை. இங்க ப்ளவுஸ் தைக்கிற ஒரு அக்கா இருக்காங்க. டப்லெட்டைக் கொண்டு போய் வச்சதும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "தம்பி, கனம் இடுப்புல உக்காரணும், நீங்க தோள்ல தொங்கவிட்டிருக்கீங்க"ன்னாங்க. குதிரையையே கிட்டப் பாத்திருக்க மாட்டாங்க! இடுப்பை மூச்சு முட்ட பிடிச்சு, வளையத்தைப் பிடுங்கிட்டு, துணியை வெட்டாம ஊசியால இழையை விலக்கி ஓட்டை பண்ணி சுத்தி காஜா எடுத்துக் குடுத்தாங்க. மெழுகு தடவின லினன் நூல்ல நாடா நானே பின்னினேன். மாட்டிட்டு நடந்தேன், சத்தியமா அஞ்சு கிலோ குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. படி ஏறினேன், குனிஞ்சு ஷூவைத் தொட்டேன், யார் கையும் இல்லாம குதிரை ஏறினேன். வீரனை கிரேன் வச்சுத் தூக்கி குதிரையில வச்சாங்கன்னு எவனோ கிளப்பிவிட்ட கதையை இனி என் முன்னாடி யாரும் சொல்லிராதீங்க.

இவ்ளோ சொல்லிட்டு நண்பனுக்கு என்ன பதில்னா, வாங்காத. அது இன்னொருத்தன் உடம்புக்கு அடிச்ச இரும்பு, விலை பாதின்னா வலி முழுசு. முதல்ல டப்லெட் தைச்சுக்கோ, அக்கா நம்பர் தர்றேன், ப்ளவுஸ் சீசன்ல போகாத, திட்டுவாங்க. என்னோடதை விக்கறியான்னு மட்டும் கேட்டுராத. மாட்ட நாப்பது நிமிஷம் ஆகுது, முடிச்சுப் போட இன்னொரு ஆள் வேணும், அந்த வேலைக்கு இருக்கற என் பொண்டாட்டி இந்த ஈஸ்டருக்கு ஊருக்குப் போறா. பின்பக்க முடிச்சுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல.