காஸ்ஜெவி, லிஃப்ஜீனியா: அரிவாள் செல் நோய்க்கு எது, யாருக்கு?

அரிவாள் செல் நோய் என்பது சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து ரத்தநாளங்களை அடைக்கும் பரம்பரை நோய். அதற்கான காஸ்ஜெவி, லிஃப்ஜீனியா என்ற இரண்டு மரபணு சிகிச்சைகளுக்கும் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ ஒரே நாளில், 2023 டிசம்பர் 8 அன்று, அனுமதி கொடுத்தது. அந்த அனுமதி இரண்டிலும் 12 வயதும் அதற்கு மேலும் ஆன, வலி நெருக்கடிக்குத் திரும்பத் திரும்ப ஆளாகிறவர்களுக்கானது. இரண்டிலும் நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் மாற்றி, அவருக்கே திருப்பி ஏற்றுகிறார்கள். காஸ்ஜெவியில் மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் நுட்பம் இருப்பதால் (லிஃப்ஜீனியாவில் வேலை செய்வது ஒரு வைரஸ்) பேச்செல்லாம் அதைப் பற்றியே இருந்தது. சிகிச்சைக்குப் போகிறவருக்கோ கிரிஸ்பரா வைரஸா என்பது இரண்டாவது கேள்விதான். தேவையான அளவு செல் கிடைக்குமா, செல் ஏற்றும் முன் கொடுக்கும் கீமோவை உடம்பு தாங்குமா என்பவை அதற்கு முன்னால் நிற்கின்றன.

அவற்றுக்கும் முன்னால் இன்னொன்று: எச்எல்ஏ என்ற திசு வகை முழுதாகப் பொருந்தும் உடன்பிறப்பு உண்டா? உண்டென்றால், குறிப்பாக நோயாளி சிறுவயதினராக இருந்தால், வழக்கமான எலும்பு மஜ்ஜை மாற்றுதான் இன்றும் முதல் தேர்வு. அதற்குப் பல ஆண்டு அனுபவம் பின்னால் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு உடன்பிறப்பும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். அவருக்கும் இதே நோய் இருக்கக் கூடாது. மரபணு சிகிச்சையில் கொடையாளர் தேவையில்லை, கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் சிக்கலும் இல்லை.

இனி இரண்டும் செய்யும் வேலை. நோய்க்குக் காரணமான மரபணுப் பிறழ்வை காஸ்ஜெவி தொடுவதே இல்லை. கருவில் இருக்கும்போது ஓடிய ஹீமோகுளோபினைப் பிறந்தபின் அடக்கி வைப்பது பிசிஎல்11ஏ என்ற மரபணு. அதை முழுதாக வெட்டினால் மற்ற ரத்த செல்களுக்குக் கேடு. அதனால் சிவப்பணு வரிசையில் மட்டும் அதை முடுக்கும் சிறு பகுதியை, காடா1 புரதம் வந்து ஒட்டும் இடத்தை, கிரிஸ்பரின் கத்தரிக்கோலான கேஸ்9 வெட்டுகிறது. செல் அந்த வெட்டை அரைகுறையாக ஒட்டிக்கொள்கிறது. அந்த அரைகுறைதான் வேண்டும். அடக்கும் கை தளர்ந்ததும் கரு ஹீமோகுளோபின் திரும்புகிறது, மொத்தத்தில் சுமார் 40 சதவீதம் வரை. கேஸ்9 மின்துடிப்பு மூலம் செல்லுக்குள் போய், வேலை முடிந்ததும் சிதைந்துவிடுகிறது.

லிஃப்ஜீனியா எதையும் குறிவைத்து வெட்டுவதில்லை. செயலிழக்கச் செய்த லென்டிவைரஸ் (எச்ஐவி குடும்பத்து வைரஸ்) ஒன்று, ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினின் மரபணுவின் கூடுதல் பிரதியைச் சுமந்து வந்து குரோமோசோமில் செருகுகிறது. எங்கே செருகும் என்பது நம் கையில் இல்லை. அந்தப் பிரதியில் 87ஆம் இடத்து அமினோ அமிலமான திரியோனின், குளுட்டமினாக மாற்றப்பட்டிருக்கிறது. அரிவாள் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதை இந்த ஒரு மாற்றம் தடுக்கிறது.

எண்களை அப்படியே பக்கத்தில் வைக்காதீர்கள்

காஸ்ஜெவியில் 31 பேரில் 29 பேர், லிஃப்ஜீனியாவில் 32 பேரில் 28 பேர் என்ற எண்களைப் பார்த்து காஸ்ஜெவி மேல் என்று முடிவு கட்டுகிறார்கள். முதல் எண் தொடர்ந்து 12 மாதம் ‘கடுமையான’ நெருக்கடி இல்லாதவர்களைச் சொல்கிறது. இரண்டாவது எண், செல் ஏற்றிய 6ஆம் மாதம் முதல் 18ஆம் மாதம் வரை எல்லா வகை நெருக்கடியிலிருந்தும் தப்பியவர்கள். லிஃப்ஜீனியாவிலும் கடுமையானவற்றை மட்டும் எண்ணினால் 32இல் 30 பேர். ‘கடுமை’க்கான வரையறையும் இரண்டு ஆய்விலும் ஒன்றல்ல. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் வெற்றி தோல்வி சொல்ல முடியாது.

செல் சேகரிப்பு: பலர் தடுக்கி விழும் இடம்

வழக்கமாக ஸ்டெம் செல்லை ரத்தத்துக்குள் இறக்க ஜிசிஎஸ்எஃப் ஊசி போடுவார்கள். அரிவாள் செல் நோயில் அது உயிருக்கே ஆபத்தான நெருக்கடியைக் கிளப்பலாம் என்பதால் பிளெரிக்ஸாஃபார் என்ற மருந்து மட்டும்தான். அதன் விளைவு சில மணி நேரமே நிற்கும். ஊசிக்கும், ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்தெடுக்கும் அஃபெரிசிஸ் இயந்திரத்தில் உட்காருவதற்கும் இடைவெளி தவறினால் அன்றைய அறுவடை போச்சு. இந்த நோய்க்கான வழக்கமான மருந்தான ஹைட்ராக்ஸியூரியாவை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும், ஏனென்றால் அது மஜ்ஜையை அடக்கி விளைச்சலைக் குறைக்கும். அந்த இடைவெளியில் நெருக்கடி வராமல் இருக்க ரத்தம் ஏற்றி அரிவாள் ஹீமோகுளோபினை 30 சதவீதத்துக்குக் கீழே வைக்கிறார்கள். இந்த நோயாளிகளின் ரத்தம் இயந்திரத்தில் வேறுவிதமாகப் படிவதால், ஸ்டெம் செல்கள் வழக்கத்தைவிடச் சற்று ஆழமான அடுக்கில் கிடக்கும். சாதாரண அமைப்பிலேயே இயந்திரத்தை ஓட்டினால் அவை தவறிவிடும்.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். காஸ்ஜெவி தயாரிப்புக்குக் கிலோவுக்கு 2 கோடி சிடி34 செல்கள் (அந்த அடையாளம் தாங்கிய ஸ்டெம் செல்கள்) என்ற இலக்கில் 120 கோடி வேண்டும். லிஃப்ஜீனியாவுக்குக் கிலோவுக்கு 1.65 கோடி, அதாவது 99 கோடி. அதற்கு மேல், செல் ஒட்டாமல் போனால் காப்பாற்ற மாற்றப்படாத செல்கள்: முன்னதற்குக் கிலோவுக்கு 20 லட்சம், பின்னதற்கு 15 லட்சம். கடைசியில் ஏற்றும் குறைந்தபட்ச அளவு இரண்டிலும் கிலோவுக்கு 30 லட்சம்தான். வழியில் அவ்வளவு இழப்பு. ஒரே சுற்றில் இது தேறுவது அபூர்வம். காஸ்ஜெவி ஆய்வில் சேகரிப்புச் சுற்றுகளின் இடைநிலை 2, அதிகபட்சம் 6. சுற்றுக்குச் சுற்று குறைந்தது 14 நாள் ஓய்வு. முந்தைய சோதனைகளில் மிகக் குறைவாகவே செல் தரும் ஒருவருக்கு லிஃப்ஜீனியாவின் சற்றே தாழ்ந்த இலக்கு உண்மையான சலுகை.

அடுத்து புசல்ஃபான். பழைய மஜ்ஜையைக் காலிசெய்யும் இந்தக் கீமோ இரண்டுக்கும் பொது. பெரும்பாலான பக்கவிளைவுகள் மரபணு மாற்றத்தால் அல்ல, இதனால்தான் வருகின்றன. வாய்ப்புண், கல்லீரல் ரத்தநாள அடைப்பு, வலிப்பு, மலட்டுத்தன்மை. கருமுட்டை அல்லது விந்தணு சேமிப்பை இதற்கு முன்பே முடித்தாக வேண்டும், பின்னால் யோசித்துப் பயனில்லை. மருந்தின் ரத்த அளவைப் பார்த்துப் பார்த்து டோஸை மாற்ற வேண்டும்: குறைந்தால் புதிய செல்களுக்கு இடம் கிடைக்காது, கூடினால் கல்லீரல் தாங்காது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் மீள காஸ்ஜெவியில் இடைநிலை 27 நாள், லிஃப்ஜீனியாவில் 20. தட்டணுக்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஐந்து வாரம்.

ஆபத்தில்தான் உண்மையான வித்தியாசம்

லிஃப்ஜீனியாவின் மருந்துக் குறிப்பில் ரத்தப் புற்றுநோய் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கை, அதாவது எஃப்டிஏவின் மிகக் கடுமையான எச்சரிக்கை, இருக்கிறது. ஆரம்பகாலத் தயாரிப்பு முறையில் சிகிச்சை பெற்ற இருவர் லுகேமியாவால் இறந்தனர். வைரஸ் செருகிய இடம்தான் காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. இருந்தாலும் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு கட்டாயம். காஸ்ஜெவிக்கு அந்தக் கட்டம் இல்லை. ஆனால் குறி தவறிய வெட்டு என்ற சந்தேகம் அதற்கு உண்டு, புசல்ஃபானின் புற்றுநோய் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது.

இன்னொன்று, முடிவெடுக்கும் முன், ஹீமோகுளோபினின் இன்னொரு பகுதியான ஆல்ஃபா குளோபினின் மரபணுச் சோதனை அவசியம். அதன் நான்கு பிரதிகளில் இரண்டு இல்லாதவர்களுக்கு லிஃப்ஜீனியாவுக்குப் பிறகு தொடர் ரத்தமேற்றம் தேவைப்படும் அளவு ரத்தசோகை வரலாம். இரண்டுக்கு மேல் இல்லாதவர்களிடம் அது சோதிக்கப்படவே இல்லை. இவர்களுக்கு காஸ்ஜெவியே என் தேர்வு.

பிறகு வரும் சோதனைகளிலும் ஒரு பொறி. லிஃப்ஜீனியா பெற்றவருக்குப் மரபணுத் துண்டுகளைத் தேடும் பிசிஆர் முறையில் எச்ஐவி பார்த்தால், தொற்றே இல்லாமல் ‘பாசிட்டிவ்’ வரலாம். வைரஸ் கடத்தியின் துண்டுகளை அது பிடித்துக்கொள்கிறது. வேறு முறையில்தான் பார்க்க வேண்டும், அந்தக் குறிப்பை நோயாளி கையிலேயே வைத்திருப்பது நல்லது. காஸ்ஜெவியில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டுமே விந்தணுவையும் கருமுட்டையையும் மாற்றுவதில்லை. வலி நின்றுபோன பிறகும் பிறழ்வு பிள்ளைகளுக்குப் போகும். அதனால் திருமணத்துக்கு முன் துணையின் ஹீமோகுளோபினையும் சோதித்துவிட வேண்டும்.