டர்பனில் விசா நீட்டிப்புக்கு ஏஜென்ட்டிடம் போகும் மாணவர்களுக்கு

"நீங்க வர வேண்டாம் தம்பி, உங்க கைரேகை ஏற்கெனவே சிஸ்டத்துல இருக்கு."

இதை யாராவது உங்களிடம் சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். நான் அப்படி எழுந்து வரவில்லை. அதனால் 11,700 ராண்ட் போனது. வைகாசியில் நடந்த என் தங்கை கல்யாணத்தைக் கைபேசியில்தான் பார்த்தேன்.

நான் தென்காசிப் பக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரிசர்வாயர் ஹில்ஸில் ஒரு வீட்டின் பின்னால் உள்ள அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருக்கிறேன். இங்கே தமிழர்களுக்குக் குறைவில்லை. 1860-இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களில் தொடங்கிய சமூகம் இது. கோயிலில் தேவாரம் பாடுவார்கள், காவடி எடுப்பார்கள், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். ஆனால் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம்தான். வந்த முதல் ஆண்டில் தமிழில் நாலு வார்த்தை பேச ஆள் கிடைக்காமல் தவித்திருக்கிறேன். அப்படி இருக்கும்போது கோயில் அன்னதான வரிசையில் பின்னால் நின்றவர் "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அன்றைக்கே அவரை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர்தான் அந்த ஏஜென்ட். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் ஆள் பிடிப்பதே அந்த வரிசையில்தான். அவரிடம் ஏமாந்த இன்னும் மூன்று மாணவர்களை இப்போது எனக்குத் தெரியும். மூன்று பேரும் அவரைக் கோயிலில்தான் பார்த்திருக்கிறார்கள்.

என் விசா மார்ச் 31-இல் முடிவதாக இருந்தது. படிப்பு விசாவை நீட்டிக்க, அது முடிவதற்குக் குறைந்தது 60 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். அதனால்தான் ஜனவரி 12-ஆம் தேதியே அவரிடம் போனேன். கட்டணம் எல்லாம் சேர்த்து 8,500 ராண்ட் என்றார். மருத்துவக் காப்பீட்டுக்குத் தனியாக 3,200. பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார். பத்து நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு ரசீது வந்தது. முத்திரை, எண், தேதி எல்லாம் இருந்தது. அதைப் பல்கலைக்கழகத்தில் காட்டி பிப்ரவரியில் பதிவும் செய்துவிட்டேன்.

ஏப்ரல் 14, சித்திரை ஒன்று. சர்வதேச மாணவர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அங்கிருந்த அம்மா என் ரசீது எண்ணைத் தேடிப் பார்த்திருக்கிறார். அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை. அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நீ கைரேகை கொடுக்கப் போனாயா?" இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

தென்னாப்பிரிக்காவுக்குள் இருந்து விண்ணப்பிப்பவர், விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். நிறுவனத்தின் மையத்துக்கு நேரில் போயாக வேண்டும். அங்கே புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். கூடவே யாராவது வரலாம், தாள்களை அடுக்கித் தரலாம். ஆனால் உங்கள் விரல் இல்லாமல் விண்ணப்பம் நகராது. போன முறை கொடுத்த ரேகை இந்த முறைக்குச் செல்லாது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் ஜனவரியிலேயே தப்பித்திருப்பேன்.

காப்பீடும் அப்படித்தான். அவர் எனக்கு வாங்கித் தந்தது வெறும் பயணக் காப்பீடு. படிப்பு விசாவுக்கு அதை ஏற்கமாட்டார்கள். 1998-ஆம் ஆண்டு மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின் கீழ் இங்கே பதிவான திட்டத்தில் நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டும். திட்டத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவத் திட்டங்கள் கவுன்சிலின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை.

அன்று சாயங்காலம் ஏஜென்ட்டைத் தேடிப் போனேன். பதறவே இல்லை. "உள்ள நம்ம ஆளு இருக்கான். இன்னொரு 15,000 கொடுங்க, பாஸ்போர்ட்ல ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டாந்துடறேன்" என்றார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த நிலையில் இருப்பவனுக்கு இந்தப் பேச்சு கயிறு போலத் தெரியும். பிடித்துவிடாதீர்கள். அதுவரை நீங்கள் ஏமாந்தவர். போலி விசா பாஸ்போர்ட்டில் ஏறிய நிமிடத்திலிருந்து நீங்கள் குற்றவாளி. நான் மறுத்தேன். உடனே பாஸ்போர்ட்டைத் தர மறுத்தார்.

வீட்டுக்கார ஆன்ட்டியிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவருக்குத் தமிழில் வணக்கம், தண்ணி, சாமி தவிர அதிகம் வராது. மறுநாள் காலை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு நேராக அந்த ஏஜென்ட்டின் கடைக்கே போனார். இந்திய பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, இப்போதே தராவிட்டால் இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் போலீஸுக்கும் போவோம் என்று கடையில் இருந்தவர்கள் முன்னால் சத்தமாகச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் பாஸ்போர்ட் வந்தது. பணம் வரவில்லை.

அதன் பிறகுதான் உண்மையான பயம் பிடித்தது. விசா முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. இந்த நாட்டில் அபராதம் கட்டிவிட்டுக் கிளம்பும் பழக்கம் இல்லை. விசா முடிந்து 30 நாளுக்குள் வெளியேறினால் 12 மாதம் திரும்ப வர முடியாது. 30 நாளைத் தாண்டினால் 5 ஆண்டு. விமான நிலையத்திலேயே தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மேல்முறையீடு செய்ய 10 வேலை நாள் தருகிறார்கள், ஆனால் அதற்குள் நீங்கள் ஊரில் இருப்பீர்கள், படிப்பு இங்கே கிடக்கும். பல்கலைக்கழகத்தாலும் என்னை வைத்திருக்க முடியவில்லை. குடிவரவுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, சட்டப்படி தங்க உரிமை இல்லாதவருக்குத் தெரிந்தே கல்வி கொடுக்கக் கூடாது என்கிறது. என் பதிவை நிறுத்தி வைத்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

என்னைக் காப்பாற்றியது சட்டத் துறை நடத்தும் இலவச உதவி மையம். இங்குள்ள பல பல்கலைக்கழகங்களில் இப்படி ஒன்று உண்டு. அங்கே இருந்த வழக்கறிஞர் முதலில் அரசியல் சாசனத்தைத் திறந்து காட்டினார். நியாயமான அரசு நடவடிக்கைக்கான உரிமையும் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையும் எழுதியிருக்கும் இடத்தில் "குடிமக்கள்" என்று இல்லை, "ஒவ்வொருவருக்கும்" என்று இருக்கிறது. விசா முடிந்தவனும் அதில் அடக்கம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அப்புறம் வழியைச் சொன்னார். குடிவரவுச் சட்டத்தின் 32-ஆம் பிரிவில், விசா முடிந்துபோன ஒருவர் புதிதாக விண்ணப்பித்து முடிவு வரும்வரை இங்கேயே இருக்க அனுமதி கேட்கலாம். அதைப் படிவம் 20 என்கிறார்கள். சும்மா கிடைக்காது. நம் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால்தான் தவறியது என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். என்னிடம் ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் பேச்சு முழுவதும் இருந்தது. பணம் அனுப்பிய வங்கி விவரம் இருந்தது, அந்தப் போலி ரசீதும் இருந்தது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் நான் முடிந்தேன். தயவுசெய்து யாருக்கும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், எந்த உரையாடலையும் அழிக்காதீர்கள்.

ஒரு போலீஸ் புகாரும் வேண்டும் என்றார். விசா இல்லாதவன் போலீஸ் நிலையத்துக்குப் போவதா என்று கால் நடுங்கியது. மையத்திலிருந்து ஒரு மாணவர் கூட வந்தார். இது உங்களுக்குள் நடந்த பணத் தகராறு என்று முதலில் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். ரசீது போலி, ஆகவே இது மோசடி என்று அந்த மாணவர் விடாமல் சொன்ன பிறகு எழுதிக்கொண்டு கேஸ் நம்பர் கொடுத்தார்கள். சத்தியப் பிரமாண வாக்குமூலத்தையும் அங்கேயே காசில்லாமல் முத்திரை போட்டு வாங்கலாம். ஒருவேளை வழியிலேயே உங்களைப் பிடித்துக் குடிவரவுக் காவலில் வைத்தால், 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். 2017-இல் அரசியல் சாசன நீதிமன்றமே இதைத் தீர்ப்பாகச் சொல்லியிருக்கிறது.

மே முதல் வாரம் படிவம் 20 கிடைத்தது. அடுத்த வாரம் நானே நேரில் போய்க் கைரேகை கொடுத்தேன். முறையான மருத்துவத் திட்டத்திலும் சேர்ந்துவிட்டேன். பதிவு திரும்ப வந்தது. விசா ஜூலை கடைசியில் கைக்கு வந்தது. நடுவில் நாட்டை விட்டுக் கிளம்பினால் எல்லாம் வீண் என்பதால் கல்யாணத்துக்குப் போகவில்லை. அம்மாவிடம் காரணத்தை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

இந்த ஏஜென்ட்டைப் போன்றவர்களால் எப்படித் தொழில் செய்ய முடிகிறது என்று கேட்டேன். ஒரு காலத்தில் குடிவரவு ஆலோசகர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2014-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. இன்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். வழக்கறிஞர் அப்படியில்லை. அவர் பெயர் சட்டத் தொழில் கவுன்சிலில் இருக்க வேண்டும், தப்பு செய்தால் அங்கே புகார் கொடுக்கலாம். நல்ல ஆலோசகர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் என் கேள்வி, மாணவருக்கு ஆலோசகர் எதற்கு? தேவையான தாள்களின் பட்டியலைச் சர்வதேச மாணவர் அலுவலகமே தருகிறது. நான் ஒருநாளும் போய்க் கேட்கவில்லை.

இன்னொன்று. அதே ஆள் "வாரத்துக்கு எவ்வளவு மணி நேரம் வேணும்னாலும் வேலை பாருங்க, யாரும் எண்ண மாட்டாங்க" என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். படிப்பு விசாவில் வாரம் 20 மணி நேரம்தான். அதைத் தாண்டினால் விசாவின் நிபந்தனையை மீறியவர் நீங்கள். புகார் கொடுக்கப் பயப்படுவீர்கள் என்பதால், சம்பளம் கொடுக்காமல் ஏமாற்றும் முதலாளிக்கு அது வசதியாகிவிடும்.

பணத்துக்காகச் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறேன். 20,000 ராண்ட் வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் வைத்து வாதாட அனுமதி இல்லை. முதலில் பணத்தைக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 14 நாள் போன வெள்ளிக்கிழமை முடிந்தது. பதில் இல்லை. இந்த வாரம் சம்மன் எடுக்கிறேன்.

டர்பனில் இருக்கும் மாணவர் யாராவது இதே மாதிரி ஒருவரிடம் பாஸ்போர்ட்டையும் பணத்தையும் கொடுத்துவிட்டுக் கைரேகை கொடுக்காமல் ரசீதை மட்டும் வைத்திருந்தால், நாளைக் காலையிலேயே அந்த எண்ணைச் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் காட்டிச் சரிபாருங்கள். போலி என்று தெரிந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். போலீஸ் நிலையத்துக்கு நான் கூட வருகிறேன்.