இடுப்புவலியோடு ஜிம்மில் சேரும் பெரியவர்கள் கவனத்துக்கு

60 வயதைத் தாண்டி, உடல் பருமனும் நாள்பட்ட இடுப்புவலியும் உள்ளவர்களுக்கென்றே சில ஜிம்களில் ‘ஸ்பெஷல் பேக்கேஜ்’ விற்கிறார்கள். பணம் மட்டும்தான் ஸ்பெஷல். இருபது வயதுப் பையனுக்குப் போட்ட அட்டவணையையே வெயிட்டைக் குறைத்து நீட்டுவார்கள்.

பிரஷர், சர்க்கரை, சாப்பிடும் மாத்திரைகள், வலி காலுக்கு இறங்குகிறதா என்று எதையும் விசாரிக்காமல் நேரே லெக் பிரஸ்ஸில் (சாய்ந்து உட்கார்ந்து, பாரம் ஏற்றிய பலகையைக் காலால் தள்ளும் மெஷின்) உட்கார வைத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அந்த லெக் பிரஸ்ஸில்தான் பலருக்கு வலி கூடுகிறது. பலகை இறங்க இறங்கத் தொடை வயிற்றில் முட்டும். அதற்கு மேல் இடமில்லாததால் இடுப்பு சுருண்டு, பிட்டம் சீட்டைவிட்டு எழும்பும். கீழ்முதுகு வளைந்தபடியே பாரத்தைத் தாங்கும். டிரெய்னரோ “இன்னும் கீழே, இன்னும் கீழே” என்பார். பிட்டம் எழும்புவதற்கு முன்பே பலகை நிற்கும்படி ஸ்டாப்பரை மாற்றி வைத்தால் போதும், அரை நிமிட வேலை. கூடவே சீட்டின் சாய்வையும் கொஞ்சம் பின்னால் தள்ளினால் வயிற்றுக்கு இடம் கிடைக்கும்.

வியர்வை பெல்ட் கட்டினால் தொப்பை கரையும் என்பது கலப்படமில்லாத பொய். குறைவது உடம்பின் தண்ணீர். குடித்ததும் எடை திரும்பிவிடும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தலைசுற்றலும் சேர்ந்துகொள்ளும்.

ஆரம்பத்தில் தேவை கொஞ்சம்தான்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது (தாழ்வாக இருந்தால் கெட்டியான குஷன் போட்டு உயர்த்தலாம்), சுவர் புஷ்-அப், ரப்பர் பேண்ட் இழுப்பது. வாரத்தில் அடுத்தடுத்து வராத 2 நாள், ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, 2 செட் (அதாவது இரண்டு சுற்று). இன்னும் இரண்டு மூன்று முறை முடியும் என்ற நிலையிலேயே நிறுத்த வேண்டும். தூக்கும்போது மூச்சை அடக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும். வெளியே விட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வகுப்பிலும் 12 சுலபமாக வந்தால் மட்டும் பாரத்தைக் கூட்டலாம். இதையெல்லாம் நோட்டில் குறிக்காத டிரெய்னர், நினைவுக்கு வந்ததைச் செய்யச் சொல்கிறார் என்றுதான் பொருள்.

தொடைச் சதையில் இரண்டு நாள் வலி இருப்பது சகஜம். முதுகுவலி மறுநாள் காலையிலும் கூடுதலாகவே இருந்தால் பாரம் அதிகம். கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். “வார்ம்-அப் பண்ணா சரியாயிடும்” என்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

பணத்தை மாதாமாதம் கட்டுங்கள். மொத்தமாகத்தான் வேண்டுமென்றால், பாதியில் நின்றால் மீதி எவ்வளவு திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்” என்றால் திரும்பாது.